மலேசியாவில் பிடிபட்ட வண்டு

மலேசியாவில் ஒரு வண்டு பிடிபட்டது. தூக்கம் போனது திண்டிவனத்தில்.

பிடித்தவர்கள் அங்குள்ள துறைமுக அதிகாரிகள். வண்டு இருந்தது நம்மூர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு மூட்டையில். அனுப்பியது கோவிந்தம்மாள் ஃபுட்ஸ் என்ற புதுக் கம்பெனி. முதல் கன்டெய்னர். அது புறப்பட்ட அன்று பூசணிக்காய் உடைத்ததை மைக் செட்டு வைத்து ஊருக்கே சொன்னார்கள். வண்டுச் செய்திக்கு மைக் செட்டு தேவைப்படவில்லை. அது தானாகவே தெருத் தெருவாகப் போய்ச் சேர்ந்தது.

கம்பெனியின் மருமகள் ஆர்த்தி காலையிலேயே விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஜங்ஷனுக்குப் போகும் வழியில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிறது 'இசை துப்பறியும் நிலையம்'. நடத்துபவள் இசைவாணி. அவளிடம் வரும் கேஸ்களில் பாதி, மாப்பிள்ளை குடிப்பாரா என்பது. மீதி, குடிப்பார் என்று தெரிந்த பிறகு யாரோடு குடிப்பார் என்பது. அவளுக்கு உதவியாளர் பச்சைமுத்து. முன்னாள் ஷேர் ஆட்டோ டிரைவர். ஆட்டோவை விற்றுவிட்டார், சவாரியோடு பேசிக்கொண்டே போகும் வாயை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஆர்த்தி மேஜைமேல் ஒரு ஃபைலைப் பிரித்து வைத்தாள்.

"ஏற்றுமதி நம்பர், உணவு லைசென்ஸ், பருப்புல பூஞ்சை விஷம் இல்லன்னு லேப் ரிப்போர்ட், செடி நோய் இல்லன்னு பைட்டோ சர்டிபிகேட், மருந்து போட்ட சர்டிபிகேட். எல்லாம் கரெக்டா எடுத்தோம் மேடம்."

"எனக்குப் பொண்ணு பார்த்தப்போகூட இத்தினி பொருத்தம் பார்க்கலம்மா" என்றார் பச்சைமுத்து.

"அதான் அண்ணி இன்னும் வருத்தப்பட்டுக்கினு இருக்காங்க" என்றாள் இசைவாணி. "நீங்க சொல்லுங்க ஆர்த்தி. இதுல எது பேஜாரு?"

"மருந்து போட்டது. மூட்டையெல்லாம் அடுக்கி, தார்ப்பாய் மூடி, புகை மருந்து வச்சு, உள்ள இருக்கிற பூச்சியைக் கொல்லணும். அதுக்குன்னு லைசென்ஸ் வாங்கின ஆளு போட்டாதான் செல்லும். இங்க விழுப்புரத்துலயே அந்தோணிசாமின்னு ஒருத்தர். அவர்தான் போட்டார். போட்டிருந்தா உயிரோட வண்டு எப்படி ஊரும்? ஏமாத்திட்டார் மேடம்."

ஏற்றுமதிக்கு அனுமதி தரும் சென்னை அலுவலகம் விளக்கம் கேட்டிருந்தது. இன்று மாலைக்குள் மெயிலில் போயாக வேண்டும். மருந்துக்காரர் மேல் தப்பு என்றால் அவர் லைசென்ஸ் போகும். கம்பெனி மேல் தப்பு என்றால் கம்பெனியின் அனுமதியை நிறுத்தி வைப்பார்கள். ஷெட்டில் அடுத்த கன்டெய்னருக்கான பருப்பு கூரை வரை அடுக்கி இருந்தது.

"அவர் பண்ண ஃபிராடுக்கு எனக்கு ஒரு ஆதாரம் வேணும். அத்தை கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவோம்."

"அத்தையா?"

"கம்பெனி அவங்க பேர்லதான். நிலம் அவங்களது, ஷெட்டு அவங்களது. நான் ஓடுறேன், அவங்க கையெழுத்துப் போடுறாங்க."

ஃபைலிலிருந்த போட்டோவை இசைவாணி எடுத்தாள். மலேசியாவில் எடுத்தது. பாதித் திறந்த கன்டெய்னர் கதவு. கதவோரத்து மூட்டைமேல் பழுப்பு நிறத்தில் குட்டி வண்டுகள். அடுத்த படத்தில் உள்வரிசை மூட்டைகள், துடைத்து வைத்ததுபோல் சுத்தம்.

அவள் இரண்டாவது படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

ஆர்த்தியைத் திண்டிவனம் பஸ்ஸில் அனுப்பிவிட்டு இருவரும் ஜங்ஷன் டீக்கடைக்கு நடந்தார்கள். அந்தோணிசாமி அங்கேதான் இருப்பார் என்று ஊருக்கே தெரியும். ஐம்பது வயது, ஒல்லி, மருந்து வாடை போகாத காக்கிச் சட்டை. ஒரு டீயைக் குடித்து முடித்து, இவர்களைப் பார்த்ததும் இன்னொன்று சொன்னார்.

"டீ இல்லன்னா எனக்குக் கை காலு ஓடாதுங்க" என்றார், யாரும் கேட்காமலேயே.

"மருந்து ஒழுங்கா போட்டீங்களா?" இசைவாணி சுற்றி வளைக்கவில்லை.

"மாதா சத்தியமா போட்டேங்க. காத்து புகாம தார்ப்பாய் ஓரத்துக்கெல்லாம் மணல் மூட்டை வச்சேன். கருவி வச்சு அளந்தேன். எடுத்தப்போ தரையில பூச்சி சருகு மாதிரி கிடந்துச்சு."

"அப்புறம் எப்படி வண்டு?"

அந்தோணிசாமி டீ கிளாஸைப் பார்த்தார்.

"தெரியலீங்க."

"தெரியாதா, தெரியலயா?"

"பையன் நர்சிங் படிக்கிறான். இந்த லைசென்ஸ்தாங்க எங்க வீடு" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது. கிளாஸைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். மதியம் அவரையும் ஷெட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

பச்சைமுத்துவின் ஆம்னி வேன் திண்டிவனம் ரோட்டில் இருமிக்கொண்டே போனது.

"அந்தாளு எதையோ முழுங்குறாரு மேடம். டீயோட சேர்த்து."

"அது இருக்கட்டும். இந்த வண்டைப் பாருங்கண்ணே. எங்கியோ பார்த்த மூஞ்சியா இல்ல?"

பச்சைமுத்து ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு போட்டோவைப் பார்த்தார். "அட, இது நம்ம வீட்டு ஆளு! பச்சைப்பயறு டப்பாவைத் திறந்தா ஓடிவருமே. பயறுல ஓட்டை போட்டு வெளிய வரும். என் பொண்டாட்டி வெயில்ல கொட்டிக் காயவச்சு இதோட பேரைச் சொல்லித்தான் என்னைத் திட்டுவா."

"அதேதான். பயறு வண்டு. மல்லாட்டையில வர்ற பூச்சி வேற. இது பயறை விட்டு அசையாது. கதவோரத்துல மட்டும் இருக்கு, உள்ள இல்ல. மருந்து போடாம ஏமாத்தியிருந்தா எல்லா மூட்டையிலயும் மல்லாட்டைப் பூச்சி வரணும். கதவோரத்துல மட்டும் பயறுப் பூச்சி எப்படி வந்துச்சு?"

"யாரோ பயறைக் கொண்டாந்து போட்டிருக்கான்!" பச்சைமுத்து ஹாரனை அடித்தார். முன்னால் போன மாடு திரும்பிப் பார்த்தது. "பயறு யாருகிட்ட இருக்கும்? திண்டிவனத்துல பயறு மண்டி வச்சிருக்கிறது கோதண்டபாணி. மல்லாட்டையும் அனுப்புறார். ஆர்த்தி கம்பெனி ஆரம்பிச்சதுல இருந்து அந்தாளுக்கு வயித்தெரிச்சல்."

வயிற்றெரிச்சலை மறைக்கும் பழக்கம் கோதண்டபாணிக்கு இல்லை. மண்டியில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, இவர்கள் வந்த விஷயத்தைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நானா? வண்டு வந்துச்சுன்னு கேள்விப்பட்டப்போ பாயசம் வச்சுக் குடிச்சேன், அதை ஒத்துக்கிறேன். ஆனா கன்டெய்னருக்குச் சீல் போட்டா உடைக்காம ஒரு பருப்பைக்கூட உள்ள போட முடியாது. சீல் உடையலைன்னு அவங்களே சொல்றாங்க. சீல் போடுறதுக்கு முன்னாடி நான் அந்த ஷெட்டுப் பக்கம் போவேனா? பூஜைக்கு ஊரையே கூப்பிட்டாங்க, என்னை மட்டும் கூப்பிடல."

"கூப்பிடலைன்னா ஊரே வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பொண்ணு வாட்ஸ்அப்புல ஸ்டேட்டஸ் வச்சுதே." கோதண்டபாணி போனை நீட்டினார். "இதோ, சேவ் பண்ணி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"பொறாமைப்படத்தான். வேற எதுக்கு?"

பச்சைமுத்து முதன்முறையாக ஒரு மனிதனை மரியாதையோடு பார்த்தார்.

வீடியோவில் திறந்த கன்டெய்னர் வாசல். மாவிலை, சந்தனம், குங்குமம். வெள்ளித் தட்டில் கற்பூரம். சொந்தக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கும்பிடுகிறார்கள். கோவிந்தம்மாள் கன்டெய்னருக்குள் ஒரு கால் வைத்துக் குனிகிறார், கூட்டம் மறைக்கிறது, பிறகு கைகூப்பியபடி வெளியே வருகிறார். பூசணிக்காய் சிதறுகிறது. கதவு மூடுகிறது.

இசைவாணி அதை இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"எல்லாரும் எதைப் பார்க்கிறாங்க?"

"கற்பூரத்தை."

"ஓரத்துல நிக்கிற காக்கிச் சட்டை?"

அந்தோணிசாமி கற்பூரத்தைப் பார்க்கவில்லை. கன்டெய்னரின் உள்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ சொல்லப் போகிறவர்போல. அடுத்த நொடி மூடிக்கொண்டது.

"இந்த வீடியோவை எனக்கு அனுப்புங்க" என்றாள் இசைவாணி. கோதண்டபாணி சந்தோஷமாக அனுப்பினார். அடுத்தவர் கஷ்டத்துக்கு இவ்வளவு வேகமாக உதவும் மனிதர் அந்தக் கடைவீதியில் வேறு யாரும் இல்லை.

ஷெட் ஊருக்கு வெளியே இருந்தது. முன்னால் ஆபீஸ் ரூம், பின்னால் பருப்பு மலை. கோவிந்தம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்குக் குரலில் தேய்மானமே இல்லை. ஆர்த்தி தட்டச்சு செய்த புகார்க் கடிதம் மேஜையில் தயாராக இருந்தது. அந்தோணிசாமி ஷட்டருக்கு வெளியே, வெயிலில்லாத இடமாகப் பார்த்து நின்றிருந்தார். உள்ளே மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன.

"உனக்கு எந்த ஊரும்மா?" என்று இசைவாணியைக் கேட்டார் கோவிந்தம்மாள்.

"கண்டாச்சிபுரம் பக்கம்ங்க."

"கண்டாச்சிபுரத்துல எந்தப் பக்கம்?"

"ஏரிக்குப் போற பக்கம்."

"ஏரிக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?"

"அந்தாண்டை."

"ஓ" என்றார் கோவிந்தம்மாள்.

பச்சைமுத்து இசைவாணியின் காதோரம் குனிந்தார். "துப்பறியிறதுல இந்தம்மா நம்மளைத் தூக்கிச் சாப்பிட்டுடுவாங்க மேடம்."

டீ வந்தது. கோவிந்தம்மாளுக்கும் ஆர்த்திக்கும் எவர்சில்வர் டம்ளர். பச்சைமுத்துவை யாரும் ஊர் கேட்கவில்லை, நெற்றியிலிருந்த விபூதிப் பட்டையைப் பார்த்து டம்ளர் தந்துவிட்டார்கள். இசைவாணிக்குப் பேப்பர் கப். இன்னொரு பேப்பர் கப் ஷட்டருக்கு வெளியே போனது. அந்தோணிசாமி அதை வாங்கிய வேகத்தில் குடித்து முடித்தார். இசைவாணி தன் கப்பை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவளும் குடித்தாள். அவளுடைய கண் மட்டும் அதற்குள் ஆபீஸ் ரூம் கதவுக்கு மேலே போயிருந்தது. அங்கே ஆணியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. அதன் நேர் கீழே, நிலைப்படியில், மாவுபோல் கொஞ்சம் தூள் உதிர்ந்திருந்தது.

"அது இன்னாம்மா?"

"நவதானியம். ஷெட்டுக்குப் பூஜை போட்ட அன்னிக்கு முடிஞ்சு கட்டினது."

"அவுத்துப் பார்க்கலாமா?"

"செருப்பைக் கழட்டிட்டுத் தொடு" என்றார் கோவிந்தம்மாள், பச்சைமுத்துவைப் பார்த்து.

பச்சைமுத்து வெறுங்காலோடு நாற்காலியில் ஏறி முடிச்சை இறக்கினார். ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் அவிழ்த்தார். நெல், உளுந்து, எள், கொள்ளு. பச்சைப்பயறுகளில் ஒன்றுவிடாமல் ஓட்டை. பழுப்பு நிற வண்டு ஒன்று தாளின் நடுவே வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்து யோசித்தது.

"இவன் பாஸ்போர்ட் எடுக்கல போல" என்றார் பச்சைமுத்து. "இங்கியே தங்கிட்டான்."

ஆர்த்தி போட்டோவையும் வண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

"இது ஒண்ணுதான் முடிஞ்சீங்களாம்மா?" இசைவாணியின் குரல் மெதுவாக இருந்தது.

"ரெண்டு." கோவிந்தம்மாளின் குரலில் பெருமை. "ஒண்ணு ஷெட்டுக்கு. இன்னொண்ணு பீரோவுல வச்சிருந்தேன். மொத கன்டெய்னர் கடல் தாண்டிப் போவுது, சும்மா அனுப்புவாங்களா? கதவு மூடுறதுக்கு முன்னாடி மூலையில செருகி..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. தாளின் மேலிருந்த வண்டு ஓரத்துக்கு நடந்து, விளிம்பைத் தாண்டி, புகார்க் கடிதத்தின் மேல் ஏறியது.

ஆர்த்திதான் முதலில் பேசினாள். எழுந்து வந்து இசைவாணியின் பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில். "மேடம், இது நம்மகூடவே இருக்கட்டும். எங்க அனுமதி போச்சுன்னா இந்தப் பருப்பெல்லாம் இங்கியே கிடந்து கெட்டுப்போவும். எங்ககிட்ட பருப்பு குடுத்தவங்களுக்கு நான் இன்னா சொல்றது? அவருக்கு வேற வேலை கிடைக்கும். அவருக்கு எதுவும் தெரியாது."

"அவருக்குத் தெரியும்."

இசைவாணி வெளியே பார்த்துக் கூப்பிட்டாள். அந்தோணிசாமி ஷட்டர் பள்ளம் வரை வந்து நின்றார். அதற்கு மேல் வரவில்லை.

"அன்னிக்கு அம்மா கன்டெய்னர்ல எதை வச்சாங்கன்னு பார்த்தீங்களா?"

"இல்லீங்களே."

ஆர்த்தி மூச்சு விட்டது பச்சைமுத்துவுக்குக் கேட்டது. இசைவாணி போனை நீட்டினாள். வீடியோ ஓடியது, நின்றது. கூட்டத்தின் ஓரத்தில், தன் வாய் திறந்து மூடுவதை அந்தோணிசாமியே பார்த்தார்.

"உங்க லைசென்ஸ் போற நேரத்துல ஏன் இல்லைன்னு சொல்றீங்க?"

காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அதில் எதுவும் இல்லை.

"பார்த்தேங்க. மருந்து போட்டதுக்கு அப்புறம் தானியம் உள்ள போவக்கூடாது, எடுத்துடுங்கன்னு சொல்லணும். அது என் வேலை. வாய் வரைக்கும் வந்துச்சு. சுத்தியும் அம்மாவோட சொந்தக்காரங்க. அம்மா கண்ணை மூடிக்கினு கும்பிட்டுக்கினு இருக்காங்க. நான் போயி எடுங்கன்னா, 'அந்தோணி வந்து சாமிக்கு வச்சதைத் தூக்கி வெளிய போடச் சொன்னான்'னுதாங்க பேச்சு ஆவும். வண்டைப் பத்தியா யாராவது பேசப்போறாங்க? அப்புறம் எங்க தெருவுக்கே பேஜாரு. சின்ன முடிச்சுதானேன்னு விட்டுட்டேன். சர்டிபிகேட்டுல கையெழுத்தும் போட்டுட்டேன். அது என் தப்புதாங்க."

"இப்பகூடச் சொல்லாம இருந்தீங்களே?"

"இப்ப சொன்னா மட்டும் வேற மாதிரியா பேசுவாங்க?"

கோவிந்தம்மாள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அந்தக் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்பது அவருக்கே பிடிபடவில்லை.

"அன்னிக்குக் கூட்டம், சரி. மறுநாள் என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாமில்ல? வீட்டுக்கு உள்ள வந்து, அம்மா இந்த மாதிரின்னு ஒரு வார்த்தை."

"நான் உள்ள வந்ததில்லீங்களேம்மா" என்றார் அந்தோணிசாமி. குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வழி தெரியாது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

கோவிந்தம்மாள் உட்கார்ந்தார். மேஜையில் இருந்த கடிதத்தைக் கையில் எடுத்தார். அதன்மேல் இருந்த வண்டை ஊதித் தள்ளினார். அவர் இரண்டாகக் கிழித்த சத்தம் ஷெட்டின் தகரம் வரை போனது.

"வேற எழுது."

"அத்தே..."

"கோவிந்தம்மாளாகிய நான், சாமிக்கு முடிஞ்ச நவதானியத்தைக் கன்டெய்னர்ல வச்சேன், வண்டு அதுல இருந்துதான் வந்துச்சு. அப்படி எழுது."

"அத்தே, அனுமதியையே நிறுத்தி வச்சிடுவாங்க. இந்த மூட்டையெல்லாம்..."

"யாரு பேர்ல இருக்குது அனுமதி?"

ஆர்த்தி மேஜைக்குத் திரும்பினாள். லேப்டாப்பைத் திறந்து தட்டினாள். விரல்கள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் போயின. பாதியில் நிறுத்தினாள்.

"இவர் பார்த்துக்கினே இருந்தார்னும் எழுதட்டுமா? அதுவும் உண்மைதானே?"

உண்மைதான். அந்த ஒரு வரி மெயிலில் போனால் அந்தோணிசாமியின் லைசென்ஸும் போகும். பச்சைமுத்து இசைவாணியைப் பார்த்தார். இசைவாணி தாளில் கிடந்த ஓட்டைப் பயறுகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கூலிக்கு அமர்த்தியவள் ஆர்த்தி. கேட்பதும் ஆர்த்தி. இசைவாணி தலை நிமிரவில்லை.

கோவிந்தம்மாள் ஷட்டரைப் பார்த்தார்.

"அவன் பார்க்கல" என்றார். "எழுதி அனுப்பு, நேரமாவுது."

மெயில் போனது. அதற்குப் பிறகு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோவிந்தம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"எல்லாருக்கும் டீ கொண்டா. டம்ளர்ல கொண்டா."

ஐந்து எவர்சில்வர் டம்ளர்கள் ஒரே தட்டில் வந்தன. இசைவாணி ஒன்றை எடுத்துக்கொண்டாள். கோவிந்தம்மாள் தன் கையாலேயே ஒன்றை எடுத்து ஷட்டர் வரை போனார். அந்தத் தூரத்தை அவர் இதற்கு முன் டீயோடு நடந்ததில்லை.

"எடு அந்தோணி. ஆறுது."

அந்தோணிசாமி டம்ளரைப் பார்த்தார். அன்று கன்டெய்னர் மூலையைப் பார்த்த அதே பார்வை. வாய் லேசாகத் திறந்தது.

"நான் டீ குடிக்கிறதில்லீங்கம்மா" என்றார்.

பச்சைமுத்து ஏதோ சொல்ல வந்தார். வாயை மூடிக்கொண்டார்.